ஒரே தேதியில ஒன்பது பேரு

உங்க சர்டிபிகேட்ல ஒரு பிறந்த தேதி இருக்கே, அது நெசமாவே நீங்க பிறந்த தேதிதானா? ஜூன் மாசம்னு எழுதியிருந்தா ரெண்டு தடவை யோசிச்சுட்டுப் பதில் சொல்லுங்க.

ஹெப்சிபா இதை ஒருநாளும் யோசிச்சதில்ல. யோசிச்சிருந்தா போன வாரம் அந்த ரிப்போர்ட்ல அப்படி ஒரு வரி எழுதியிருக்க மாட்டா.

போன வாரம் நடந்தது இதுதான்.

வைகைக்கு வடகரையில இருக்குற அந்தக் காலேஜ்ல ஹெப்சிபா கணக்கு லெக்சரர். வயசு முப்பத்திரண்டு, கல்யாணம் ஆகல. ரெண்டு வருசத்துக்கு முந்தி, காலேஜைச் சோதிக்கக் குழு வருதுன்னு சொல்லி, பாடம், அசைன்மென்ட், டெஸ்ட்டு எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல ஏத்தச் சொன்னாக. அதுக்குன்னு ஒரு சைட் வந்துச்சு. யாரு பாத்துக்கிறதுன்னு கேட்டப்ப சீனியர் ஆளுக எல்லாம் ஜன்னலைப் பாத்தாக. ஹெப்சிபா தலையில கட்டிட்டாக.

அவ அதை ஆசையாத்தான் பாத்துக்கிட்டா. அந்த சைட்ல டெஸ்ட்டை ஒரு தடவைதான் திறக்கலாம். யாரு, எந்த மெஷின்ல, எத்தனை மணிக்குத் திறந்தாக, எப்ப மூடுனாக, எல்லாத்தையும் அதுவே எழுதி வச்சுக்கும். ஆயிரத்து எண்ணூறு பிள்ளைகளுக்கும் ரிஜிஸ்டர் நம்பரைப் போட்டு, பிறந்த தேதியைப் பாஸ்வேர்டா அடிச்சா உள்ள போகலாம்னு ஏற்பாடு பண்ணதும் அவதான். அப்புறமா பாஸ்வேர்டை மாத்திக்கங்கன்னு நோட்டீஸ் போர்டுல ஒட்டுனா. ஒருத்தரும் மாத்தல. வாரத்துக்கு ஒரு மணி நேரம் லேப், அதுல பாதி நேரம் கரண்டு இருக்காது. இதுல எங்கிட்டு மாத்துறது?

மூணாவது வருசம் படிக்கிற ராக்கம்மா, கடைசி டெஸ்ட்டு எழுத வந்து உக்காந்தா. நீ ஏற்கெனவே எழுதியாச்சு, மார்க்கு நாலுன்னு சைட் சொல்லுச்சு. அவ எழுதவே இல்லைன்னா. ஹெப்சிபா பதிவை எடுத்துப் பாத்தா. பதினாலாம் நம்பர் மெஷின். பத்து ரெண்டுக்கு ராக்கம்மா பேருல திறந்திருக்கு, பத்து ஒன்பதுக்கு மூடியிருக்கு. பத்து பதினொண்ணுக்கு அதே மெஷின்ல சிவனாண்டி பேரு.

சிவனாண்டியும் அதே கிளாஸ்தான், அதே ஊருதான். அழகர்கோவிலுக்கு அந்தப் பக்கம் செங்கரட்டுப்பட்டி. ரெண்டு பேரும் வேற வேற தெரு, ஒரு தெருக்காரக இன்னொரு தெருவுல தண்ணி வாங்கிக் குடிக்க மாட்டாக.

கேள்வியை முன்கூட்டியே பாக்கத்தான் அவ தன் பாஸ்வேர்டை இவனுக்குக் குடுத்திருக்கான்னு எல்லாரும் பேசிக்கிட்டாக. ஹெப்சிபாவுக்கு ஒரு சங்கடம் இருந்துச்சு. அந்த ஊரு பள்ளிக்கூடத்துலதான் அவ அப்பா ஆசீர்வாதம் இருபத்தஞ்சு வருசம் ஹெட்மாஸ்டரா இருந்தாரு. அப்பாகிட்டப் படிச்ச பிள்ளைகளுக்குச் சலுகை காட்டுறான்னு ஒரு சொல் வந்துரக் கூடாதுன்னு நெனச்சா. அதனால விசாரணைக் கமிட்டிக்குக் குடுத்த ரிப்போர்ட்டைக் கறாரா எழுதினா. ‘இருவரும் பேசி வைத்துச் செய்ததாகத் தெரிகிறது.’

அந்த ஒரு வரி டவுன் பஸ் ஏறி ரெண்டே நாள்ல செங்கரட்டுப்பட்டிக்குப் போயிருச்சு. அதை வச்சு ரெண்டு பேரையும் பரீட்சை எழுத விடக் கூடாதுன்னு கமிட்டி சொன்னது ஊருல யாருக்கும் பெருசாப் படல. ‘இருவரும் பேசி வைத்து’ மட்டும்தான் காதுல விழுந்துச்சு. ராக்கம்மாவோட அப்பா வந்து ஆஸ்டல்ல இருந்து பெட்டியைத் தூக்கிட்டு, மகளையும் கூட்டிட்டுப் போயிட்டாரு.

இது போன வாரம். இன்னைக்குப் புதன்கிழமை.

காலையில லேப்பைத் திறக்க வந்த ஹெப்சிபாவுக்கு முன்னாடியே சிவனாண்டி வாசல்ல நின்னுக்கிட்டு இருந்தான். தினமும்தான் நிக்கிறான். அவனைத் தாண்டிப் போயிருவா. இன்னைக்கு லேப் அசிஸ்டென்ட் சங்கிலி சாவியை எடுத்து வர நேரமாச்சு. அதனால அவன்கிட்ட நிக்க வேண்டியதாப் போச்சு.

“மேம், ரிஜிஸ்டர் நம்பரைத்தான் ஒண்ணு மாத்தி அடிச்சிருக்கேன். எனக்கு இருபத்தெட்டு, அவளுக்கு இருபத்தேழு. உள்ள போயிருச்சு. நாலு கேள்வி போட்டப்புறம்தான் மேல அவ பேரைப் பாத்தேன். பயந்து மூடிட்டேன்.”

“இதையேதான் கமிட்டியிலயும் சொன்ன. அவ நம்பருக்கு உன் தேதி எப்படிப்பா திறக்கும்?”

“தெரியல மேம். நான் என் தேதியத்தான் அடிச்சேன். அவ தேதி எனக்கு எப்படித் தெரியும்? பேசுனதே கிடையாது. ஊருக்குப் போற பஸ்ல கூட அவ முன்னாடி ஏறுவா, நான் பின்னாடி ஏறுவேன்.”

எப்பவும் இங்கன பேச்சு முடிஞ்சிரும். இன்னைக்கு ஏனோ அவ கேட்டா, “உன் தேதி என்ன?”

“பதினாலு, ஆறு, எண்பத்தெட்டு.”

சங்கிலி சாவியோட வந்துட்டான். “என்ன மேம், திறக்கவா?” அவன் ரெண்டு தடவை கேட்டுட்டு அவனாத் திறந்தான்.

உள்ள போய் மெஷினைப் போட்டு, பிள்ளைகள் பட்டியலைத் திறந்தா. பிறந்த தேதி வாரியா அடுக்கச் சொன்னா. ராக்கம்மா, பதினாலு ஆறு எண்பத்தெட்டு. சிவனாண்டி, பதினாலு ஆறு எண்பத்தெட்டு. ரெண்டாம் வருசத்துல ஒருத்தி. தமிழ் டிபார்ட்மென்ட்ல ரெண்டு பேரு. எம்.எஸ்ஸியில ஒருத்தன், வருசம் மட்டும் எண்பத்தஞ்சு. எல்லாருமா ஒன்பது பேரு. ஒன்பது பேருக்கும் வருசம்தான் முன்னப்பின்ன. நாளும் மாசமும் ஒண்ணு. பள்ளிக்கூடமும் ஒண்ணு.

அவளுக்கு அந்தத் தேதியைத் தெரியும். ஜூன் பதினாலு அவ அக்கா ஜெமிமா பிறந்த நாளு.

ஜெமிமா இப்ப இல்ல. ஹெப்சிபா கைக்குழந்தையா இருக்கும்போது, மூணு வயசு நெறையறதுக்குள்ள, தொண்டை அடைப்பான் வந்து செத்துப் போனா. செங்கரட்டுப்பட்டி சர்ச்சுக்குப் பின்னாடி புதைச்சிருக்கு. ஒவ்வொரு ஜூன் பதினாலும் அம்மா பிலோமினாள் மட்டும் போய் ஒரு மெழுகுவத்தி ஏத்தி வச்சுட்டு வரும். அம்மா பிறப்புல ஆர்.சி., கத்தோலிக்கக் குடும்பம். கல்யாணத்துக்கு அப்புறம் அப்பாவோட சி.எஸ்.ஐ. சபைக்கு வந்துட்டாலும் மெழுகுவத்தியை விடல. அப்பா ஒரு வருசம்கூடப் போனதில்ல. பள்ளிக்கூடத்துல இருந்து கல்லறை முப்பது எட்டுத்தான் இருக்கும். வீட்டுல ஜெமிமாங்கிற பேரையே அப்பா வாயெடுத்துச் சொல்லி ஹெப்சிபா கேட்டதில்ல.

அவ மெஷினை அணைக்காமலே எந்திரிச்சு, பரீட்சைப் பொறுப்புல இருக்குற துளசிராம் சார் ரூமுக்குப் போனா.

துளசிராம் சார் பட்டுநூல்காரத் தெருக்காரரு. எதையும் கேலியாத்தான் ஆரம்பிப்பாரு. பட்டியலை ரெண்டு தடவை படிச்சுட்டு, அந்த ஊருல வருசத்துல ஒருநாள்தான் பிரசவம் பாப்பாகளோன்னு கேட்டாரு. அப்புறம் கண்ணாடியைக் கழட்டி வச்சாரு.

பையன் சொன்னது நெசம்னு அவருக்கும் புரிஞ்சு போச்சு. ஆனா கமிட்டியில மத்த ரெண்டு பேரு சும்மா விடமாட்டாக. ஒன்பது பேருக்கும் ஒரே தேதின்னா சர்டிபிகேட்டே போலின்னு கிளம்புவாக. அட்மிஷன் போட்ட ஹெட்மாஸ்டரே ஒரு விளக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்தா வாயை மூடிருவாகன்னாரு. நாளைக்குப் பத்து மணிக்கு ஹால் டிக்கெட் பட்டியல் அச்சுக்குப் போகுது. அதுக்கு முன்னாடி வந்தா ரெண்டு பேரையும் சேத்துரலாம். இல்லாட்டி ஒரு வருசம் போச்சு.

“அந்த ஹெட்மாஸ்டர் இருக்காராம்மா, போயிட்டாரா?”

“இருக்காரு சார். எங்க அப்பாதான்.”

துளசிராம் சார் கண்ணாடியை மறுபடியும் மாட்டிக்கிட்டாரு. “அப்ப நல்லதாப் போச்சும்மா, லெட்டர் வாங்க அலைய வேண்டாம்”னு மட்டும் சொன்னாரு.

நல்லதாப் போச்சா இல்லையான்னு அவளுக்குத் தெரியல.

பீபிகுளத்துல அவுக வீடு. சாயங்காலம் அஞ்சு மணிக்கு அவ போனப்ப, ஆசீர்வாதம் கூடத்துல உக்காந்து பேப்பர்ல குறுக்கெழுத்துப் போட்டுக்கிட்டு இருந்தாரு. எழுபத்தொரு வயசு. இன்னும் சட்டைப் பையில பேனா இல்லாம இருக்க மாட்டாரு. அம்மா பின்கட்டுல மீன் ஆஞ்சுக்கிட்டு இருந்துச்சு. சாளை மீனு. அரிவாமனையில செதில் தேய்க்கிற சத்தம் கூடம் வரைக்கும் கேட்டுச்சு.

ஹெப்சிபா பையைக்கூட இறக்கி வைக்கல. டெஸ்ட்டுல நடந்ததை முதல்ல இருந்து சொன்னா. தான் எழுதின ரிப்போர்ட்டையும் மறைக்காம சொன்னா. ராக்கம்மாவை வீட்டுக்குக் கூட்டிப் போனதைச் சொன்னப்ப அப்பா பேனாவை மூடினாரு. எந்த ராக்கம்மான்னு கேட்டாரு, சொன்னதும் அடையாளம் கண்டுக்கிட்டாரு. ஒண்ணாப்புலயே பதினாறாம் வாய்ப்பாடு சொன்ன பிள்ளைன்னாரு.

“அவளுக்கும் சிவனாண்டிக்கும் ஒரே தேதிப்பா. மொத்தம் ஒன்பது பேருக்கு. நீங்க போட்டதுதான்.”

“தேதி தெரியாத பிள்ளைகளுக்கு ஏதாவது ஒரு தேதி போடணும்ல. ஆடி மாசம் மழை பேஞ்ச அன்னைக்குப் பிறந்துச்சு, மாடு கன்னு போட்ட மறுநா பிறந்துச்சும்பாக. அதை எங்கிட்டுப் போய் எழுதுறது. எல்லா ஹெட்மாஸ்டரும் போடுறதுதான்.”

“எல்லாரும் ஜூன் ஒண்ணு போடுவாக.”

“ம்.”

“நீங்க ஏம்பா ஜூன் பதினாலு போட்டீக?”

பின்கட்டுல செதில் தேய்க்கிற சத்தம் நின்னு போச்சு.

ஆசீர்வாதம் பேப்பரை நாலா மடிச்சாரு. எட்டா மடிச்சாரு. அதுக்கு மேல மடிக்க முடியாம கையில வச்சுக்கிட்டாரு. அம்மா ஈரக் கையோட வந்து நிலையில சாஞ்சு நின்னுச்சு. கையில செதில் மினுங்குச்சு.

அவரு மகளைப் பாக்கல, பெண்டாட்டியையும் பாக்கல, தரையைப் பாத்துச் சொன்னாரு. எழுபத்தெட்டு வரைக்கும் அவரும் ஜூன் ஒண்ணுதான் போட்டிருக்காரு. எழுபத்தொன்பது ஜூன்ல ஜெமிமாவுக்கு அஞ்சு வயசு ஆகியிருக்கும். ஒண்ணாப்புல அவளும் வந்து உக்காந்திருக்கணும். அந்த வருசம் ஸ்கூல் திறந்த அன்னைக்கு மொத ஆளா மொக்கையன் பெண்டாட்டி ஒரு பொம்பளைப் பிள்ளையைக் கையில பிடிச்சுக்கிட்டு வந்து நின்னிருக்கு. தேதி தெரியாது சாமி, நீங்களாப் பாத்துப் போடுங்கன்னு சொல்லியிருக்கு.

“கை எழுதிருச்சு. எழுதினப்புறம்தான் என்ன எழுதியிருக்கேன்னு பாத்தேன். அடிச்சுத் திருத்தலாம்னு இருந்தேன். அந்தப் பிள்ளை எனக்கு முன்னாடி நின்னுக்கிட்டு மூக்கை உறிஞ்சிக்கிட்டு இருந்துச்சு. விட்டுட்டேன்.”

அடுத்த வருசமும் தேதி இல்லாம வந்த பிள்ளைக்கு அதையே போட்டாரு. அதுக்கு அடுத்த வருசமும். ரிட்டையர் ஆகுற வரைக்கும்.

“எம்புட்டுப் பேரு?” அம்மாதான் கேட்டுச்சு.

“தொண்ணூத்தாறு.”

சட்டுனு சொன்னாரு, யோசிக்கவே இல்ல.

பிலோமினாள் அழுகல. ஒரு கையால இன்னொரு கையில ஒட்டியிருந்த செதிலைச் சுரண்டிக்கிட்டே இருந்துச்சு. “நான் வருசா வருசம் அங்க ஒத்தையில போய் நிப்பேன். ஸ்கூல் மணி அடிக்கிறது கேக்கும். இந்த மனுசனுக்கு நெஞ்சுல ஈரமே இல்லை, பெத்த பிள்ளையை மறந்துட்டாருன்னு அவகிட்டயே சொல்லிட்டு வருவேன். முப்பது வருசமாச் சொல்லிட்டேன்ங்க.”

ஆசீர்வாதம் மடிச்ச பேப்பரைக் கீழ வச்சாரு.

“சொல்லியிருக்கலாம்ல?”

“சொன்னா நீ போடாதீகன்னு சொல்லிருவியோன்னு இருந்துச்சு.”

ஹெப்சிபாவுக்கு அங்கன நிக்க முடியல. ஆனா நாளைக்குப் பத்து மணின்னு ஒண்ணு இருக்கே. லெட்டர் விசயத்தைச் சொல்லித்தான் ஆகணும். சொன்னா.

அப்பா முதல்ல முடியாதுன்னுட்டாரு. தனக்காகச் சொல்லல. அந்தத் தொண்ணூத்தாறு பேருல ரெண்டு பேரு போலீஸ்ல இருக்காக, ஒருத்தன் மிலிட்டரியில, ஒருத்தி மேலூர்ல நர்ஸு. ஹெட்மாஸ்டரே அது பொய்த் தேதின்னு எழுதிக் குடுத்தா நாளைக்கு அவுக வேலையில எவனாவது கை வப்பான்னு பயந்தாரு. ராக்கம்மாவுக்காக மத்தவுக சோத்துல மண்ணள்ளிப் போடச் சொல்றியான்னு மகளைக் கேட்டாரு. ஹெப்சிபா போட்ட பாஸ்வேர்டுலதான் இது ஆரம்பிச்சுச்சு, அவ எழுதின வரியிலதான் ஒரு பிள்ளை பேரு கெட்டுச்சு. இப்ப அப்பாவையும் இதுக்குள்ள இழுத்து விடுறா.

அம்மாதான் முடிச்சு வச்சுச்சு.

“எழுதிக் குடுங்க. அந்தப் பிள்ளைக்கு ஒரு வருசம் போயிரக் கூடாது. நம்ம வீட்டால போச்சுன்னு இருக்கக் கூடாது.” அப்புறம் கொஞ்சம் நிறுத்திச் சொல்லுச்சு, “ஆனா அது யாரு நாளுன்னு மட்டும் எழுதாதீக. காலேஜ்ல நாலு பேரு பைலுல போட்டுக் கட்டி வைக்க வேண்டாம். அது நமக்குள்ள இருக்கட்டும்.”

சொல்லிட்டு அம்மா மீனைப் பாக்கப் போயிருச்சு. ஆனா செதில் தேய்க்கிற சத்தம் மறுபடியும் வரவே இல்ல.

ஆசீர்வாதம் எழுத உக்காந்தாரு. மூணு தாளைக் கிழிச்சாரு. பள்ளிக்கூடத்துல கையெழுத்துன்னா பெரிய சார் கையெழுத்துன்னு பேரு வாங்கினவரு. அன்னைக்கு வரி கோணிக்கிட்டே போச்சு. நாலாவது தாளு நின்னுச்சு. பெற்றோருக்குப் பிறந்த தேதி தெரியாததால் அக்கால வழக்கப்படி தலைமையாசிரியராகிய நானே ஒரு தேதியைப் பதிந்தேன், அதனால் பல பிள்ளைகளுக்கு ஒரே தேதி அமைந்தது, இதில் பிள்ளைகள் பேரிலோ பெற்றோர் பேரிலோ குற்றம் ஏதுமில்லை. அம்புட்டுத்தான். கீழ கையெழுத்துப் போட்டுட்டு, பழக்கத்துல ஹெட்மாஸ்டர்னும் எழுதி, முன்னாள்னு மேல நுணுக்கிச் சேத்தாரு.

ஹெப்சிபா செங்கரட்டுப்பட்டிக்குப் போன் போட்டா. ராக்கம்மா வீட்டுல போன் கிடையாது. பஸ் ஸ்டாப்புல கடை வச்சிருக்குற தவசிதான் ஊருக்கே எடுத்துப் பேசுவாரு.

“யாரு, பெரிய சார் மகளா? எப்படிம்மா இருக்காரு சாரு?”

நல்லாருக்காருன்னு சொல்லிட்டு, ராக்கம்மாகிட்டப் பேசணும்னா. தவசி இழுத்தாரு. இப்பக் கூப்புட முடியாதும்மா, வீடு நெறைய ஆளுகன்னாரு. என்ன விசேசம்னு கேட்டா. சோழவந்தான் பக்கம் அவ அப்பாவுக்கு அக்கா மகன் இருக்கான், மில்லுல வேலை, ரெண்டு வருசமாப் பொண்ணு கேட்டுக்கிட்டு இருந்தாக, படிப்பு முடியட்டும்னு அவ அப்பாதான் தள்ளிக்கிட்டே வந்தாரு. இந்தப் பேச்சு கிளம்பினப்புறம் தள்ள முடியலன்னாரு. நாளைக்கு விடியக்காலம் பூ வச்சு நிச்சயம் பண்றாகளாம்.

“தவசி அண்ணே, அவ மேல தப்பே இல்ல. தப்பு எங்க பேருலதான். நாளைக்குக் காலையில ஒன்பதரைக்கு அவளைக் காலேஜுக்கு வரச் சொல்லுங்க. பரீட்சை எழுதலாம். இதை அவ அப்பாகிட்ட நீங்க இன்னைக்கே சொல்லணும்.”

“சொல்றேம்மா. சொல்லத்தான் செய்வேன். ஆனா காலேஜ்ல எழுதி வச்சது முந்தி வந்துருச்சு, நீங்க சொல்றது பிந்தி வருது.”

போனை வச்சுட்டுத் திரும்பினா, அப்பா கூடத்துல இல்ல. பின்கட்டுல அம்மாவுக்குப் பக்கத்துல குத்துக்கால் போட்டு உக்காந்திருந்தாரு. மீனு அப்படியே சட்டியில கெடந்துச்சு. அவ கதவை லேசாச் சாத்திட்டு வந்துட்டா.

மறுநாள் வியாழக்கிழமை காலையில ஒன்பது இருபதுக்கு ஹெப்சிபா அந்த லெட்டரைத் துளசிராம் சார் மேசையில வச்சா. அவரு படிச்சாரு, கமிட்டி ஆளுக ரெண்டு பேருகிட்டயும் கையெழுத்து வாங்குனாரு, ஹால் டிக்கெட் பட்டியல்ல ராக்கம்மா பேரையும் சிவனாண்டி பேரையும் சேத்து அச்சுக்கு அனுப்புனாரு. சிவனாண்டி வந்து கையெழுத்துப் போட்டுட்டுப் போனான். ராக்கம்மா வரல. பத்தேகாலுக்குத் தவசி போன் பண்ணுனாரு. சேதியை ராத்திரியே அவ அப்பாகிட்டச் சொல்லிட்டேன், காலையில ஆறரைக்குப் பூ வச்சுட்டாகன்னு சொன்னாரு.